உறக்கம் வீண் பொழுதா?

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உறங்கும் ஒருவர் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தால், எத்தனை ஆண்டுகளை உறக்கத்தில் கழித்திருப்பார்? ஆம், இருபது ஆண்டுகள்! அத்தனை காலமும் வீணாகிவிட்டதா?

தேர்வு நெருங்கும்போது நம்மில் பலருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. "நேற்று இரவு இரண்டு மணி வரை படித்தேன்" என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். "பத்து மணிக்கே படுத்துவிட்டேன்" என்று சொல்லக் கூசுகிறோம். உறக்கத்திலிருந்து மூன்று மணி நேரத்தை எடுத்துப் படிப்பில் சேர்த்தால் அது லாபமா, நட்டமா? அறிவியல் இதற்கு என்ன விடை தருகிறது? ஒரு செடி, ஒரு குகை, சில வௌவால்கள், ஒரு பள்ளி மாணவன் ஆகியோரின் துணையுடன் விடையைத் தேடுவோம், வாருங்கள்.

இருட்டறையில் ஒரு செடி

தொட்டாற்சிணுங்கியைப் பார்த்திருப்பீர்கள். தொட்டால் மட்டுமன்றி, இரவு வந்தாலும் அது இலைகளை மூடிக்கொள்ளும், காலையில் விரிக்கும். சூரிய ஒளிதான் இதற்குக் காரணம் என்று எல்லோரும் நினைத்திருந்தனர். 1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானியல் அறிஞர் ழான் ழாக் தெ மேரான் இதைச் சோதித்துப் பார்த்தார். இவ்வகைச் செடி ஒன்றை ஒளி புகாத இருட்டில் வைத்தார்.

ஒளிதான் காரணம் என்றால், இருட்டில் இலைகள் மூடியே இருக்க வேண்டுமல்லவா? ஆனால் பகல் வேளையில் அவை விரிந்தன. இரவு வேளையில் மூடின. சூரியனைக் காணாமலே செடிக்குப் பொழுது தெரிந்திருந்தது! செடியின் உள்ளேயே ஏதோ ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் இதுவே.

குகைக்குள் ஒரு மனிதர்

செடிக்குக் கடிகாரம் உண்டென்றால் மனிதனுக்கு? 1962-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மிஷேல் சிஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்ப்ஸ் மலையில் பனிக்கட்டி நிறைந்த ஒரு குகைக்குள் இறங்கினார். கையில் கடிகாரம் இல்லை. சூரிய வெளிச்சம் எட்டிப் பார்க்காது. விழித்தெழும்போதும், உண்ணும்போதும், உறங்கப் போகும்போதும் மேலே இருந்த நண்பர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். அவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் மணி என்னவென்று மட்டும் அவருக்குச் சொல்லமாட்டார்கள்.

செப்டம்பர் 14 அன்று, "சோதனை முடிந்தது, மேலே வரலாம்" என்று தெரிவித்தார்கள். சிஃப்ர் திகைத்துப் போனார். அவர் கணக்கில் அன்று ஆகஸ்டு 20 தான்! இருபத்தைந்து நாட்கள் அவருக்குத் தெரியாமலே ஓடிப் போயிருந்தன.

மனம் கணக்கைத் தவறவிட்டது. உடல் தவறவிட்டதா? நண்பர்கள் எழுதி வைத்த குறிப்புகளைப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. அவர் விழித்து, உறங்கி, மீண்டும் விழித்த சுற்று ஒவ்வொன்றும் சராசரியாக 24 மணி 30 நிமிடம் இருந்தது. பகலிரவு தெரியாத இடத்திலும் அவர் உடல் நாள் கணக்கைக் கிட்டத்தட்டச் சரியாகவே வைத்திருந்தது. பின்னாளில், 1999-இல் வெளியான மேலும் நுட்பமான ஓர் ஆய்வு, மனிதனின் உள் கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது என்று கண்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் கடிகாரம் சற்றே மெதுவாக ஓடுகிறது. நாள்தோறும் பதினொரு நிமிடம் பின்தங்கும் சுவர்க் கடிகாரத்தை என்ன செய்வோம்? தினமும் முள்ளைத் திருப்பிச் சரி செய்வோம். உடலின் கடிகாரத்தைத் தினமும் திருப்பி வைப்பது யார்?

முள்ளைத் திருப்பும் ஒளி

கண்களிலிருந்து வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அந்த இடத்திற்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு திரள் ஒன்று இருக்கிறது. இதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். ஒவ்வொரு செல்லிலும் சில ஜீன்கள் ஒரு புரதத்தை உருவாக்கச் செய்கின்றன. புரதம் சேர்ந்து பெருகியதும் அதுவே அந்த ஜீன்களின் வேலையை நிறுத்துகிறது. புரதம் சிதைந்து குறைந்ததும் வேலை மீண்டும் தொடங்குகிறது. இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இந்த இயக்கத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில் முதன்மையானது ஒளி. விழித்திரையில் குச்சிச் செல்களும் கூம்புச் செல்களும் இருப்பதைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். இவை தவிர, ஒளியின் அளவை உணர்ந்து நேராகக் கடிகாரத்திற்குச் செய்தி அனுப்பும் வேறு சில செல்களும் அங்கே உண்டு. நீல ஒளி இவற்றை மிகுதியாகத் தூண்டும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் "பொழுது விடிந்தது" என்ற செய்தி போய்ச் சேர்கிறது. மாலையில் ஒளி மங்கியதும் பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. "இரவு வந்துவிட்டது, ஓய்வுக்கு ஆயத்தமாகு" என்று உடல் முழுவதற்கும் இது அறிவிக்கிறது.

இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசித் திரையை முகத்தருகே பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? பாவம், கடிகாரம் குழம்பிப் போகும். இன்னும் பொழுது சாயவில்லை என்று எண்ணி மெலடோனின் சுரப்பைத் தள்ளிப் போடும்.

மதுரை வௌவால்கள் சொன்ன செய்தி

ஒளி மட்டும்தான் கடிகாரத்தைத் திருப்புமா? நம் மதுரைக்கு அருகில் நடந்த ஓர் ஆய்வு சுவையான விடையைத் தந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கடிகாரங்களை ஆராய்ந்த பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் குகையில் வாழும் ஒருவகைப் பூச்சியுண்ணும் வௌவால்களை எடுத்துக்கொண்டனர்.

இருண்ட குகை ஒன்றில் வௌவாலைத் தனியே கூண்டில் வைத்தபோது, அது பறக்க எழும் நேரம் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போனது. அதன் உள் கடிகாரம் வெளியுலகின் நாளோடு ஒட்டாமல் தன் போக்கில் ஓடியது. அதே இன வௌவால்கள் கூட்டமாக வாழும் குகையில், அதே இருட்டில், கூண்டு வைக்கப்பட்டபோதோ நிலைமை மாறியது. தோழர்கள் மாலையில் இரை தேடிப் புறப்படுவதையும் திரும்பி வருவதையும் கூண்டு வௌவால் உணர்ந்தது. ஒளியே படாவிட்டாலும் அதன் கடிகாரம் கூட்டத்தோடு ஒத்து ஓடியது! இந்த ஆய்வு 1981-இல் வெளியாயிற்று. வேறோர் இன வௌவாலை அதே போல் வைத்துப் பார்த்தபோது இந்த விளைவு கிட்டவில்லை என்பதையும் அவர்கள் பின்னர் கண்டனர். தன் இனத்தாரின் நடமாட்டம்தான் வௌவாலுக்குக் கணக்கு.

மனிதன் வௌவால் அல்லன். நமக்கு ஒளியே முதன்மை. ஆயினும் வீட்டில் எப்போது விளக்கணைக்கிறார்கள், எப்போது சாப்பிடுகிறார்கள், எத்தனை மணி வரை தொலைக்காட்சி ஓடுகிறது என்பவை நம் உறக்க நேரத்தையும் மாற்றுகின்றன. ஒரே கூடத்தில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் தனியாகத் தூங்கிவிட முடியாது. ஆகவே நல்ல உறக்கம் என்பது குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்யும் காரியம்.

உறக்கத்தில் மூளை என்ன செய்கிறது?

விளக்கை அணைத்ததுபோல் மூளையும் அணைந்துவிடுகிறது என்று எண்ண வேண்டாம். முதலில் இலேசான உறக்கம். பின்பு ஆழ்ந்த உறக்கம். அதன்பின் மூடிய இமைகளுக்குள் கண்விழிகள் விரைந்து அசையும் உறக்கம். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தேனியல் கிளைட்மனும் 1953-இல் இதை உலகுக்கு அறிவித்தனர். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 90 நிமிடம் ஆகிறது; ஓர் இரவில் நான்கு அல்லது ஐந்து சுற்றுகள் வருகின்றன. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. விடியலை ஒட்டிக் கனவு உறக்கம் மிகுதி. வளரும் வயதில் உங்களுக்குத் தேவையான வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தின்போதுதான்.

படித்தது நினைவில் நிற்பதற்கும் உறக்கத்திற்கும் தொடர்பு உண்டா? 1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலென்பாக் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டு மாணவர்களைப் பொருளற்ற பத்து அசைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். படித்தபின் எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தபோது ஏறத்தாழப் பாதி நினைவிருந்தது. எட்டு மணி நேரம் விழித்திருந்தபோதோ பத்தில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியது!

ஏன் இப்படி? புதிதாகக் கற்றவை முதலில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் பதிகின்றன. 1994-இல் எலிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், பகுதி பகுதியாக ஓரிடத்தைச் சுற்றி வந்தபோது எந்தெந்த நரம்புச் செல்கள் சேர்ந்து இயங்கினவோ, அவையே பின்னர் உறக்கத்தின்போதும் சேர்ந்து இயங்கியது தெரியவந்தது. எலி தூங்கிக்கொண்டே பாடத்தைத் திருப்புகிறது! நம் மூளையும் இவ்வாறே புதுச் செய்திகளை மீண்டும் ஓட்டிப் பார்த்து, நிலையான இடத்தில் சேர்க்கிறது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இரவு முழுவதும் படித்துவிட்டு உறங்காமல் தேர்வுக்குப் போவது, நெல்லை அறுத்துக் களத்தில் போட்டுவிட்டுக் குதிரில் சேர்க்காமல் விடுவது போன்றது.

பதினொரு நாள் விழித்திருந்த மாணவன்

1963 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவன், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக எவ்வளவு நேரம் உறங்காமல் இருக்க முடியும் என்று சோதிக்க முனைந்தான். ஆய்வாளர்கள் அவனைக் கண்காணித்தனர். 1964 ஜனவரி வரை, 264 மணி நேரம், அதாவது முழுதாகப் பதினொரு நாட்கள், விழித்திருந்தான்.

ஆனால் கொடுத்த விலை என்ன? எரிச்சல் மிகுந்தது, கவனம் சிதறியது, பேச்சு தடுமாறியது. கடைசி நாளில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 65 வரை வந்தவன் நின்றுவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டபோது, என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துவிட்டது என்றான்! இத்தகைய முயற்சி ஆபத்தானது என்பதால் கின்னஸ் சாதனை நூல் பின்னர் இதை ஏற்பதையே நிறுத்திவிட்டது. நீங்கள் ஒருபோதும் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

உறக்கக் குறைவு மனத்தையும் விடுவதில்லை. அச்சம், சினம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்புவதில் அமிக்டலா என்ற மூளைப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி அதை அடக்கி வைக்கிறது. ஏறத்தாழ 35 மணி நேரம் உறங்காதவர்களுக்கு மனத்தை உறுத்தும் படங்களைக் காட்டியபோது, நன்றாக உறங்கியவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா சுமார் 60 விழுக்காடு மிகுதியாகக் கொதித்தெழுந்தது என்று 2007-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கடிவாளம் தளர்ந்த குதிரை! தம்பி பேனாவை எடுத்ததற்காக அடிக்கப் பாய்வதும், தோழி சொன்ன சிறு சொல்லுக்கு நாள் முழுவதும் கலங்குவதும் சில சமயம் முந்தைய இரவின் விளைவாக இருக்கலாம்.

சோம்பேறியா, கடிகாரமா?

"விடிந்து எவ்வளவு நேரமாயிற்று! இன்னும் என்ன தூக்கம்?" இந்தக் குரல் ஒலிக்காத வீடு உண்டா? பாட்டி நாலரை மணிக்கே எழுந்து வாசல் தெளித்துவிடுகிறார். பேரனோ ஏழு மணிக்கும் போர்வையை விடுவதில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. பருவ வயதில் உள் கடிகாரம் ஓரிரு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. மெலடோனின் தாமதமாகச் சுரக்கிறது. முதுமையிலோ கடிகாரம் முன்னே நகர்கிறது. பாட்டிக்கு எட்டு மணிக்கே கண் சொக்குவதும் உங்களுக்குப் பத்து மணிக்கும் தூக்கம் வராததும் உடலின் இயல்பு. இதை இரு தரப்பும் அறிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். ஆனால் இதையே சாக்காக வைத்து நள்ளிரவு வரை திரையைப் பார்க்கக் கூடாது. ஏற்கெனவே பின்தங்கும் கடிகாரத்தை நாமே இன்னும் பின்னே தள்ளுவதாகும்.

என்ன செய்யலாம்?

13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை.

1. எழும் நேரத்தை நிலையாக்குங்கள். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்திற்கு மேல் தள்ளிப் போட வேண்டாம்.

2. எழுந்ததும் வெளியே வந்து சிறிது நேரம் காலை வெளிச்சத்தில் நில்லுங்கள். மொட்டை மாடியோ, வாசலோ, தெருக்குழாயடியோ போதும்.

3. மாலைக்குப் பின் காப்பி, தேநீர் வேண்டாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தைத் தூண்டுகிறது. காப்பியிலுள்ள காஃபீன் அடினோசினை அகற்றுவதில்லை. அது அமரும் இடத்தில் தான் அமர்ந்து மறைக்கிறது. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

4. படுக்கப் போகுமுன் ஒரு மணி நேரம் கைப்பேசியை வேறிடத்தில் வையுங்கள்.

5. பகலில் களைத்தால் இருபது நிமிடம் கண்ணயரலாம். மாலையில் நெடுநேரம் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும்.

6. கடினமான பாடத்தை முன்னிரவில் படித்துவிட்டு உறங்குங்கள். காலையில் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

7. வீட்டில் எல்லோரும் சேர்ந்து, இத்தனை மணிக்குத் தொலைக்காட்சியும் விளக்கும் அணையும் என்று முடிவு செய்யுங்கள். இரவுப் பணிக்குப் போகும் தந்தையோ தாயோ பகலில் உறங்கினால், ஓசையில்லாமல் நடமாடுவது நீங்கள் செய்யும் பெரிய உதவி.

சில வாரங்களாகத் தூக்கமே வராவிட்டாலும், எட்டு மணி நேரம் தூங்கியும் பகலெல்லாம் கண் சொருகினாலும், உரத்த குறட்டை இருந்தாலும், மனம் தொடர்ந்து சோர்ந்திருந்தாலும் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி மருத்துவரைப் பாருங்கள். பிறருக்கு எழுதிய தூக்க மாத்திரையைத் தொடவே கூடாது.

செய்து பாருங்கள்

சோதனை 1: நண்பர் ஒருவர் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். சுழியக் குறிக்கு நேராக உங்கள் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வையுங்கள். அவர் சொல்லாமல் கோலை விட்டதும் பிடியுங்கள். எத்தனை செ.மீ. விழுந்தது என்று பாருங்கள். தங்குதடையின்றி விழும் பொருளின் சமன்பாட்டைக்கொண்டு நேரத்தைக் கணக்கிடலாம்: 10 செ.மீ. என்றால் 0.14 விநாடி, 20 செ.மீ. என்றால் 0.20 விநாடி, 30 செ.மீ. என்றால் 0.25 விநாடி. தினமும் காலையில் பத்து முறை செய்து சராசரி எடுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், சராசரி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதினான்கு நாட்கள் எழுதி வாருங்கள். குறைவாக உறங்கிய நாளில் என்ன தெரிகிறது? மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்லும் சைக்கிள், பத்தில் ஒரு விநாடியில் அரை மீட்டர் கடந்துவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சோதனை 2: கமு, தெபி, ரொநை, சுவே என்பதுபோல் பொருளற்ற பத்து அசைகளை எழுதிக் காலை ஒன்பது மணிக்கு மனப்பாடம் செய்யுங்கள். மாலை ஐந்து மணிக்கு எத்தனை நினைவிருக்கிறது? வேறு பத்து அசைகளை இரவு படுக்குமுன் மனப்பாடம் செய்து, எட்டு மணி நேரம் உறங்கிக் காலையில் எழுதிப் பாருங்கள். ஒரே முறையோடு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஐந்து முறையேனும் செய்து, வகுப்பில் பலரின் முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

நாம் தொடங்கிய கேள்வி என்ன? உறக்கத்திலிருந்து மூன்று மணி நேரத்தை எடுத்துப் படிப்பில் சேர்த்தால் லாபமா, நட்டமா? விடையை உங்கள் குறிப்பேடே சொல்லும். எந்தத் தேர்வுக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றிரவே முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.